வலி பத்துக்கு எத்தனை

பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் மடியில் எக்ஸ்ரே கவர் இருந்தது.

"வலி பத்துக்கு எவ்ளோன்னு டாக்டர் கேட்டதுக்கு ஏம்மா ரெண்டுன்னு சொன்ன?"

"பத்துக்குப் பத்து வாங்கறதுக்கு அது இன்னா பரீட்சையா?"

மகள் சிரிக்கவில்லை. "காலேஜ்ல இத்தினி வருஷமா இதத்தாம்மா ஆராய்ச்சி பண்றேன். ஜனங்க வலிய எப்படிச் சொல்றாங்க, எதோட ஒப்பிட்டுச் சொல்றாங்க, நம்பர்ல சொன்னா டாக்டருக்கு இன்னா புரியுதுன்னு. ஊரூராப் போயி எல்லாரையும் கேட்டேன். உன்னக் கேக்கல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்பர் வேணாம். எப்படி இருக்குதுன்னு சொல்லு."

பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"குந்தி எழுந்தா, மொழங்காலுக்குள்ள பச்சக் கரும்ப ஒடிக்கிற மாதிரி இருக்கும்."

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ டெல்லி வேலைக்குப் போவ மாட்ட. புரொபசர் ஆவணும்னு எவ்ளோ பாடுபட்ட."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கண்டக்டர் அண்ணே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறோம். திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"டெல்லி?" என்றார் அம்மா.

"ஒரு மாசம் கழிச்சி வரேன்னு எழுதறேன். ஒத்துக்கிட்டா போறேன், இல்லன்னா இங்கயே இருக்கேன்."

கடைசிப் படியில் கால் வைத்ததும் அந்த அம்மா "அய்யோ" என்று வாய்விட்டுக் கத்தினார். மகள் அவரை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தும்மா. நல்லா கத்து. நான் இருக்கேன்ல."