நாளைக்கு உப்பு சக்கரை

தம்பிதுரை: ...சரி, அது போச்சாது உடு. அடுத்தது... 'நிப்... இன்... த... பட்'. அர்த்தம் சொல்லு புள்ள.

மயிலாத்தாள்: ஏனுங் மாமா, இப்படி எழுத்துக்கூட்டறீங்க!

தம்பிதுரை: எட்டாவதோட மோட்டார் பட்டறைக்குப் போனவன்கிட்ட வேறென்ன வரும்? பரீச்சை உனக்கா, எனக்கா?

மயிலாத்தாள்: மொளையிலயே கிள்ளிப்போடறது. ஒரு காரியம் முத்தறதுக்கு முன்னாலயே நிறுத்திப்போடறதுங்க.

தம்பிதுரை: வாக்கியத்துல வெச்சுச் சொல்லோணுமாமா.

மயிலாத்தாள்: தமிழ்ல சொல்லட்டுங்களா?

தம்பிதுரை: அப்பத்தானே எனக்கும் புரியும்!

மயிலாத்தாள்: நாளைக்கு நம்ம ரண்டு பேருக்கும் நிச்சயம்னு உப்பு சக்கரை மாத்தறாங்கல்ல... அத நீங்கதான் மொளையிலயே கிள்ளிப்போடோணும் மாமா. கோவமுங்களா?

தம்பிதுரை: இல்ல. சொல்லு.

மயிலாத்தாள்: உப்பு சக்கரை மாத்திப்போட்டா அப்புறம் கலியாணந்தான். பொஸ்தகத்தை மூட்டை கட்டிப்போடுவாங்க. எனக்குக் கோயமுத்தூருல காலேஜு படிக்கோணுங்க. என்ற பேச்சு எங்கய்யன்கிட்ட எடுபடாது. முறைப்பையன் நீங்க வேண்டாம்னாத்தான்...

தம்பிதுரை: ஆமா. முறையுள்ளவனே ஒதுங்கிட்டா ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது.

மயிலாத்தாள்: உங்களைப் புடிக்காம இல்லீங்க... சத்தியமா...

ராசாத்தாள்: ஏ மயிலா, சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. என்ன குசுகுசுப்பு?

மயிலாத்தாள்: படிக்கறனுங்கம்மா!

ராசாத்தாள்: தம்பி, இன்னும் இவகிட்ட நீ சொல்லலையா?

மயிலாத்தாள்: என்னத்தைச் சொல்லோணும்?

தம்பிதுரை: அத்தே, சும்மா இருங்க...

ராசாத்தாள்: நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்? மயிலா, நீ ராவுல தலகாணிய நனைக்கறதைப் பாத்து, பெத்த வயிறு கேக்காம உன்ற படிப்பாசைய நாந்தான் இவன்கிட்டச் சொன்னேன் கண்ணு. காத்தால நீ பள்ளிக்கூடம் போனதும் உங்கய்யன் முன்னால வந்து நின்னு, பொண்ணு வேண்டாம்னுபோட்டான். சொந்த மச்சான் மகன்னுகூடப் பாக்காம அவரு பேசுன பேச்சிருக்குதே... தம்பி, அவரு சந்தையில இருந்து வர்ற நேரமாச்சு. கெளம்பு சாமி.

மயிலாத்தாள்: மாமா! அய்யங்கிட்ட என்ன காரணம் சொன்னீங்க?

தம்பிதுரை: பட்டறைக்குப் பக்கத்தூட்டுல ஒரு புள்ள மேல ஆசைன்னு.

மயிலாத்தாள்: ...யாருங்க அது?

தம்பிதுரை: அப்படி ஒருத்தி இருந்தா, 'இனி என்ற வாசப்படிய மிதிக்காதே'ன்னு உங்கய்யன் சொன்னப்புறமும், அவரு இல்லாத நேரம் பாத்து வந்து, தெரியாத இங்கிலீசை எழுத்துக்கூட்டிட்டு உக்காந்திருப்பனா புள்ள?