சனிக்கிழமைச் சாப்பாடு

— எறங்கு தம்பி. எறங்கி மறுபடி ஏறு. மெஷின் பொய் சொல்லுதான்னு பாப்போம்.

— மூணு தரம் ஏறிட்டேன் அண்ணி. அதே எடதான் காட்டுது.

— வெள்ளிக்கிழமை ரெண்டு கிலோ கொறஞ்சிருந்துச்சே, நான்தானே பாத்தேன்! திங்கக்கிழமை விடிஞ்சா பழையபடி வந்து நிக்குது. சாண் ஏறினா முழம் சறுக்குதுன்னா, எங்க சறுக்குற?

— டயட் அம்மாதான் சொன்னாங்களே... வாரம் பூரா லேசா சாப்பிட்டா, சனி ஞாயிறு கொஞ்சம் கை தளத்திக்கலாம்னு.

— ஒரு வேள! ஒரே ஒரு வேள மனசுக்குப் புடிச்சத சாப்பிடுன்னாங்க. ரெண்டு நாள் விருந்து வெக்கச் சொல்லல. அஞ்சு நாளா உனக்குன்னு தனி அடுப்புல காய் வேகவெச்சேனே, அதெல்லாம் எங்க போச்சு?

— வேலையில லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள்ள எறங்கினா தல சுத்துது அண்ணி. ஸ்பேனர் கைய விட்டு நழுவுது. வார கடைசி வந்தா வயிறு கெஞ்சுது.

— கெஞ்சட்டும். உங்க அண்ணன் வயித்தப் பாத்தியா? நீர் கோத்து, சட்ட பட்டன் போட முடியல. டாக்டர் என்ன சொன்னாரு? உன் கல்லீரல்ல இருக்கற கொழுப்பு கரையாம கத்தி வெக்க மாட்டேன்னுட்டாரு. என்னோடது சேரல. உன்ன விட்டா அவருக்குக் குடுக்க வேற யாரு இருக்கா?

— தெரியும் அண்ணி.

— தெரிஞ்சுமா கார் சீட்டுக்கு அடியில பொரிச்ச கோழி டப்பாவும் கேக் டப்பாவும்? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்காத.

— பாத்துட்டீங்களா...

— பயமா இருக்கா தம்பி? அறுக்கறதுன்னா யாருக்குத்தான் பயமில்ல. வாயத் தொறந்து சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். கோவிச்சுப்பேன், ஆனாலும் சொல்லிடு.

— பயமெல்லாம் இல்ல. அப்பா போனப்புறம் அண்ணன் ஊட்டி வளத்த ஒடம்பு இது. பாதி என்ன, முழுசாவே எடுத்துக்கட்டும்.

— அப்புறம் ஏன்டா திங்கற? யாரு உனக்கு இதெல்லாம் வாங்கிக் குடுக்கறது?

— விடுங்க அண்ணி. இனிமே நான் அங்க போகல.

— எங்க போகல? சனி ஞாயிறு சாயங்காலம் அண்ணனோட கார்ல காத்து வாங்கத்தானே போற? அவரு மனசு லேசாகட்டும்னு நானேதான் அனுப்பி வெக்கறேன்.

— காத்து வாங்கல. நேரா ஒரு ஹோட்டல். அவரு எதிர்ல உக்காந்து சுடுதண்ணி குடிப்பாரு. எனக்கு மட்டும் தட்டு தட்டா வரும். போற வழியில திங்க டப்பாவுலயும் கட்டிக் குடுப்பாரு. "நீ சாப்பிடறதப் பாத்தாலே எனக்குப் பசி ஆறுதுடா"ம்பாரு. எப்படி அண்ணி வேணாம்னு சொல்றது?

— அட மனுஷா! தன்னால திங்க முடியாத ஏக்கத்த உன் வாயில தீத்துக்கறாரா? தன் உசுருக்குத் தானே கொள்ளி வெக்கறோம்னு கூடவா தெரியல அவருக்கு?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து தட்டத் தள்ளிட்டேன். "எட கொறையணும்ணே, உனக்காகத்தான்"னேன்.

— என்ன சொன்னாரு?

— தட்டத் திரும்ப என் பக்கம் நகத்தி வெச்சாரு. "தெரியும்டா, அதனாலதான். சாப்பிடு. ஒரே வீட்டுல ரெண்டு பேர அறுக்க வேணாம்"னாரு.