பூ வரட்டும்

உங்கள் ஜன்னல் ஓரத்துச் செடிக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் ஊற்றுகிறீர்கள், ஐயா. அதனால்தான் இலை பழுக்கிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்; கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

பொதுப் பூங்காவில் முப்பத்தொரு வருஷம் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன் நான். ஒரு பலகையைக்கூடத் தப்பென்று திருப்பி எழுதியதில்லை. ஓய்வு பெற்றபின் தங்கை வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். தெருவில் யார் வீட்டில் என்ன முளைத்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

என்னை நம்பாத ஒரே ஆள் தங்கையின் கணவர். கடிகாரம் பழுதுபார்ப்பவர். தொழில்புத்தியோ என்னவோ, மனுஷர் எதையும் ஒரு தடவை பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். நான் மணி சொன்னால்கூடத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். எனக்கு அதில் எரிச்சல்தான், மறைப்பானேன்.

பின்மதில் ஓரத்தில் யாரும் விதைக்காத செடி ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. "இது என்னண்ணா?" என்றாள் தங்கை. இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுப் பெயரைச் சொன்னேன். கொதிக்கவைத்துக் குடித்தால் மூட்டுவலிக்கு நல்லது என்றும் சொன்னேன். அவள் கணவருக்கு முட்டியில் ஓயாத வலி.

"மொட்டுகூட வரலையே மச்சான், அதுக்குள்ள எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் சிரித்தார். "பூ வரட்டும். அப்புறம் குடிக்கிறேன்."

"எங்கண்ணன் ஒரு பேரு சொன்னா சொன்னதுதான்!" என்று தங்கை அவரிடம் சண்டைக்குப் போனாள்.

பத்து நாளில் பூத்தது. நல்ல மஞ்சள். காலையில் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தேன். இதழுக்கு அடியில் கருஞ்சிவப்புக் கோடு. நான் பெயர் சொன்ன செடிக்கு அந்தக் கோடு கிடையாது. கோடு உள்ள செடியைப் பூங்காவில் வேலிக்குள் வைத்திருந்தோம். 'விஷம், தொடாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் நானேதான் பலகை எழுதினேன்.

பின்னால் அவர் வந்து நின்றார். பூவைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "என்ன மச்சான், முகம் ஒரு மாதிரியா இருக்கு? பேரு மாறுதா?"

அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம். "மாறல மாப்பிள்ளை. நான் சொன்னதேதான்" என்றேன்.

அன்றே தங்கை காய்ச்சிக் கொடுத்தாள், குடித்தார். மறுநாள் என் அறைக்கு வந்தார். "நாக்கு மரத்துப்போகுது மச்சான். சந்தேகம் இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

நினைத்துக்கொள்ளமாட்டாராம். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றேன். மூன்றாம் நாள் தம்ளரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காய்ச்சியவள் அவள் என்பதால் தங்கையைச் சந்தேகப்படுகிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எங்கண்ணன் தப்பா சொல்லவே மாட்டாரு" என்று உங்கள் போலீஸ்காரர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாமே. பாவம், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

"பெரியவரே, வயசாயிடுச்சு, செடி அடையாளம் மாறிப்போச்சுன்னு எழுதிடறேன், தண்டனை குறையும்" என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். முதல் நாளே அது விஷமென்று எனக்குத் தெரியும், கொல்லத்தான் வேறு பெயர் சொன்னேன் என்று எழுதுங்கள், போடுகிறேன். தவறிச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எழுதி உரக்க வாசித்துவிடாதீர்கள். வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதில் விழும்.