வால்வு அறை விளக்கு

ரிமோட்டைக் கண்டுபிடித்தவன் புண்ணியவான், ஐயா. உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையும் அணைத்துவிடலாம். முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக ஏணி ஏறி முட்டி தேய்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் வால்வுகள் தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில் இருக்கின்றன. காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் வரும். மேல்வீட்டுத் தையல்காரர் இறங்கிப்போய் எங்கள் வால்வை மூடிவிடுவார். அவர் தொட்டி வழியும். என் மனைவியோ படுத்த படுக்கை; அவளைத் துடைத்துவிட ஒரு வாளித் தண்ணீருக்கு நாயாய் அலைவேன். கேட்டால், "ரெண்டே பேருக்கு எதுக்கு சார் அவ்வளவு தண்ணி?" என்பார். வயிறு எரியும். ஆனால் நான் கை நீட்டுகிறவன் இல்லை.

பயமுறுத்தினால் போதும் என்று அங்கே சென்சார் விளக்கு மாட்டினேன். ஆள் அசைந்தால் எரியும். அசைவு நின்றால் அரை நிமிஷத்தில் அணையும். கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம். வெட்கமுள்ளவன் ஓடிவிடுவான். இவர் மறுநாள் மாடிப்படியில் நின்று சிரித்தார்.

"ரொம்ப வசதியாப் போச்சு சார். முன்னாடியெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் மூடுவேன்."

அதன் பிறகுதான் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை வால்வின் இரும்புப் பிடிக்கும் கொடுத்தேன். அங்கே தரை எப்போதும் ஈரம். கை ஒட்டிக்கொள்ளும் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். சும்மா ஒரு எச்சரிக்கைதான்.

நேற்று பதினொரு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்; கீழே அந்த அறையின் கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது. இரும்புக் கதவில் குதிகால் அடிக்கும் சத்தம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி விடாமல் கேட்டது.

"யாரோ முனகுறாங்க. போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"லைட் எரியுதும்மா. ஆள் அசையுறாருன்னு அர்த்தம். நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

அவர் அசையாமல் இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் மின்சாரமும் நின்றிருக்கும். அவர்தான் நிறுத்தவில்லை. விளக்கு நாலு நிமிஷம் எரிந்து, தானாகவே அணைந்தது. கீழே இறங்கிப் பார்க்கும் வேலை எனக்கு மிச்சமாயிற்று.

எங்கள் தொட்டி நிறைந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டேன். குழந்தை மாதிரி சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

உங்கள் ஆட்கள் என் சட்டைப்பையிலிருந்து ஒரு ரிமோட்டை எடுத்தார்களே, அது அந்த விளக்குக்கானது. நாலு நிமிஷமும் என் கையில்தான் இருந்தது. அணைக்க எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை.