சாவியம்மாவிடம் நான் சொன்ன பொய்

மேடையில் வீற்றிருக்கும் கல்வித் துறைப் பெரியோர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, கண் கலங்கி வந்திருக்கும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தப் பயிற்சி நிலையத்தின் இயக்குநராகப் பதினொரு ஆண்டுகள் அம்மையாரோடு பணியாற்றியவன் நான். அவரைப் புகழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தும் எழுந்து வந்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க என்னால் முடியாது.

பதவியில் அவர் முதுநிலைப் பயிற்றுநர். உங்களுக்கோ சாவியம்மா! பள்ளி நிர்வாகப் பயிற்சியின் முதல் நாள் அவர் எதைக் கேட்பார்? பதிவேட்டையா? அறிக்கையையா? "உங்க சாவிக்கொத்த எடுத்து மேசை மேல வைங்க" என்பார். சாக்பீஸ் அலமாரிக்கு ஒன்று, நூலக அறைக்கு ஒன்று, பந்து வைத்த பெட்டிக்குக்கூட ஒன்று! "இத்தனையும் நீங்களே வச்சுக்கிட்டா மத்தவங்க எப்படிங்க வேலை செய்வாங்க?" என்று சிரிப்பார். நாற்பது ஸ்லைடு போட்டு நான் விளக்க முடியாததை அவர் ஒரே கேள்வியில் விளக்கிவிடுவார்.

அதோ, மூன்றாம் வரிசையில் ஒரு தலைமை ஆசிரியை தலை குனிந்து அமர்ந்திருக்கிறார். 'எனக்குத் தலைமைப் பொறுப்பு வேண்டாம், வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதிக் கொடுத்தவர். அவர் பள்ளியில் நான்கு ஆசிரியர்கள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பயிற்சியில கேட்டதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இங்க வந்தா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்று அம்மையாரிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறார்.

அந்தப் பள்ளிக்குப் போய்வர அம்மையார் என்னிடம் அனுமதி கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சான்றிதழே கொடுத்தாச்சே மேடம்! ஒவ்வொருத்தருக்கும் போய் ஊட்டி விடவா முடியும்?"

அவர் கோபிக்கவில்லை. மூன்று நாள் சொந்த விடுப்பு எடுத்தார். இரண்டு பேருந்து மாறிப் போனார். இரண்டு நாள் வகுப்புகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெறுமனே கவனித்தார். மூன்றாம் நாள் நான்கு ஆசிரியர்களையும் கூட்டி, "உங்கள்ல யாருக்கு எது நல்லா வரும்?" என்று கேட்டார். "பத்து வருஷத்துல என்னை யாருமே இப்படிக் கேட்டதில்லீங்க" என்றாராம் அவர்களில் மூத்தவர். ஒருவர் நூலகத்தை ஏற்றார், ஒருவர் கால அட்டவணையை. தலைமை ஆசிரியை தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். இன்று தினமும் ஒரு மணி நேரம், வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்காருகிறார்!

திரும்பி வந்த அம்மையார் ஒரு திட்டம் எழுதினார். பயிற்சி முடித்த ஒவ்வொரு தலைமை ஆசிரியரையும் ஆண்டுக்கு இரண்டு முறை அவரவர் பள்ளியிலேயே போய்ப் பார்ப்பது. நான்கே பக்கம். "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றேன். ஒரு முறையா சொன்னேன்? மூன்று ஆண்டுகள் சொன்னேன்! திட்டத்தில் குறை இருந்ததா? இல்லை, அவையோரே. நான் தட்டிக் கழித்த இடத்தில் அவர் போய்ச் சாதித்து வந்தது என் மனத்தை உறுத்தியது. அவ்வளவுதான்.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "அந்தத் திட்டம் என்னாச்சு சார்?"

"மேலிடத்துக்கு அனுப்பிட்டேன் மேடம். சீக்கிரம் வந்துரும்."

பொய்! அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். ஐயோ, அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, இதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்கும் வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டேன். இன்று காலை அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். வரும் திங்கட்கிழமை முதலாவது பள்ளிக்கு நானே போகிறேன். இருநூற்றுப் பதினாறு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றையும் விட மாட்டோம்.

தலைமை ஆசிரியர்களே! உங்கள் பள்ளிக்கு நாங்கள் வராமல் போனால் என் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். அம்மையாரைப் போலப் பொறுமையாகக் கேட்காதீர்கள். சத்தம் போட்டுக் கேளுங்கள்!