ஞானாம்பிகை அம்மையாருக்கு நாங்கள் எழுதி வைத்த அட்டை

புத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து, இருபத்தொன்பது ஆண்டுகள் எமது வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்தவரே! மின்சாரம் நின்ற பின்னும் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் நகர்த்தி, அதன் கண்ணாடியில் வெயிலை ஏந்தி உயிர்க்கலங்களைப் பார்த்தவரே! பெருமதிப்பிற்குரிய திருமதி ஞானாம்பிகை கதிரவேலு அம்மையாரே, வணக்கம்.

உங்கள் பணி முழுவதையும் எழுத இந்தத் தாள் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். அறுத்தெடுத்த கட்டியைப் போத்தலில் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும், "உங்கடை வீட்டிலை வேறை ஆருக்கும் இந்த வருத்தம் வந்ததோ?" என்று கேட்டீர்கள். பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பலர் மறைத்தார்கள். "என்ரை அம்மாவும் அக்காவும் மார்பிலை வந்த புற்றுநோயாலைதான் போனவை. நான் சொல்லுறன், நீங்களும் சொல்லுங்கோ" என்பீர்கள். அதன் பிறகு அவர்களும் சொன்னார்கள்.

குருநகர் றோஸை நாங்கள் மறக்கவில்லை. மார்பில் கட்டி தெரிந்தும் இரண்டு வருடம் வராமல் இருந்தவர். "அம்மாவுக்கு நாப்பதிலை வந்தது. எனக்கு ஐம்பது தாண்டீட்டுது. நான் தப்பீட்டன் எண்டு இருந்தன், மிஸி" என்று உங்களிடம் சொன்னார்.

"அம்மாவிட்டையிருந்து வந்தது ஒரு பழுதுதான், றோஸ். மிச்சப் பழுதுகள் வயசு போகப் போகக் கலத்துக்குள்ளை சேரும். நாப்பதிலையும் சேரும், எழுபதிலையும் சேரும். சேராமலே விட்டாலும் விடும். அதுக்கு நாள் குறிக்க ஏலாது, பாத்துக்கொண்டு இருக்கத்தான் ஏலும்" என்றீர்கள். பரம்பரையலகு என்னும் மரபணு, அதில் நேரும் விகாரம் என்று பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்களும் அன்றுதான் அதை விளங்கிக்கொண்டார்கள்.

றோஸ் அடுத்த தையில் மறைந்தார். அவருடைய மகள் பெர்னடெட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கிற்கு வரவைப்பவர் நீங்கள்.

அம்மையாரே, பாராட்டு மடலில் குறை சொல்வது வழக்கமில்லை. மன்னியுங்கள். கடைசியாக எப்போது உங்களைச் சோதித்தீர்கள் என்று சென்ற மாதம் கேட்டோம். "எனக்கு அறுபது. வாறதெண்டால் எப்பவோ வந்திருக்கும். நான் தப்பீட்டன், பிள்ளையள்" என்று சிரித்தீர்கள். றோஸ் சொன்ன அதே சொல். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெர்னடெட்டிடம் சொன்னோம். "எனக்கொரு நியாயம், மிஸிக்கொரு நியாயமோ? அவ வராட்டில் நானும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓய்வு பெறுபவருக்கு நீண்ட ஆயுளை வேண்டுவது முறை. கூடும் ஒவ்வொரு வயதிலும் அந்தப் பழுது சேர இடமுண்டு என்பதை உங்களிடமே கற்றோம். அதைத் தெரிந்துகொண்டே உங்களுக்கு எண்பது வயதையும், அதற்கு மேலும் வேண்டுகிறோம்.

இந்த மடலின் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கிளினிக் அட்டை செருகியிருக்கிறது. உங்கள் பெயரை எழுதிவிட்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. ஏழாம் இலக்கம் பெர்னடெட்டுக்கு. எட்டாம் இலக்கம் உங்களுக்கு.

அவள் உங்களுக்காகக் காத்திருப்பாள்.

உங்களிடம் வேலை பழகிய
ஆய்வுகூட ஊழியர்கள்
ஆவணி, 1992