மணல்திட்டில் விட்டுப்போனவனின் இரட்சிப்பு

"எறங்கு! நேவி வர்றான்! எறங்குய்யா!"

படகுக்காரன் கத்துகிறான். இருட்டு இன்னும் முழுதாகப் பிரியவில்லை. தூரத்தில் எஞ்சின் சத்தம். கனத்த சத்தம். பிறகு துப்பாக்கி. டப். டப். டப். என் கணவர் அன்ரன் முதலில் குதிக்கிறார். தண்ணீர் இடுப்பளவு. காலுக்குக் கீழே மணல். மூன்று வயது யூட்டைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார். நானும் குதிக்கிறேன். ஆறு வயது டிலானி படகுக்காரனின் கையைப் பிடித்தபடி விடவில்லை. அவன் உதறினான். அவள் தண்ணீரில் விழுந்தாள்.

"விடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போறேன்!"

போனான். வரவில்லை.

இலங்கையில் கடைசிப் போர். ஷெல்லுக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் நாங்கள். பதுங்குகுழியில் சாகாதவர்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டில் நிற்கிறோம். பொழுது ஏற ஏறத் தண்ணீரும் ஏறியது. மார்புக்கு. கழுத்துக்கு. ஒரு பெரிய அலை. யூட் போனான். அவனைப் பிடிக்க அன்ரன் பாய்ந்தார். இரண்டு தலைகளும் ஒரு முறை தெரிந்தன. பிறகு தெரியவில்லை. டிலானியை நான் விடவில்லை. தண்ணீர் வடிந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. மீன்பிடிக்க வந்தவர்கள் என்னைப் படகில் ஏற்றினார்கள். என் கையிலிருந்து அவளைப் பிரிக்க அவர்கள் பட்டபாடு எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது மரக்காணம். இங்கே பக்கத்தில் இருக்கும் அகதி முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். உப்பளத்தில் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை பாத்திகளைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குப் போவேன். அதுதான் எங்கள் ஜெபக்கூடம். அங்கே ஒருவன், தேவன் தன்னை மீட்ட கதையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தான். பக்கத்துக் குப்பத்து ஆள். ஏழுமலையாக இருந்து ஞானஸ்நானம் பெற்றுப் பவுல் ஆனவன்.

"அப்ப நான் ராமேஸ்வரம் பக்கம் போட் ஓட்டிக்கினு இருந்தேங்க. ஒரு குடும்பத்த திட்டுல எறக்கி விட்டேன். வர்றேன்னு சொல்லிட்டுப் போவல. மாட்டிக்குவேன்னு பயம். ஒரு பாப்பா என் கைய விடவே இல்ல. உதறிட்டேன். அப்புறம் ஒரே குடி. சாவலாம்னு கூடப் போனேன். இயேசப்பா என்னத் தேடி வந்தாரு. அவரு ரத்தத்தால எல்லாத்தையும் கழுவிட்டாரு. இப்ப நான் சுத்தமா இருக்கேன்."

"அல்லேலூயா!" என்றது கூட்டம். கைதட்டல்.

சுத்தமா. அந்தச் சொல் எனக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த மாதிரி விழுந்தது.

நான் விசுவாசி. தேவன் மனிதனாகப் பிறந்தார். நமக்காகச் சிலுவையில் செத்தார். மூன்றாம் நாள் எழுந்தார். மனந்திரும்பிக் கேட்கிற எவனுக்கும் மன்னிப்பு உண்டு. செய்த நன்மைக்குக் கூலியாக அல்ல. இலவசமாக. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அப்படியானால் இவனும் பரலோகம் போவான். என் டிலானி இருக்கும் இடத்துக்கு. நான் நரகத்தையும் நம்புகிறேன். அது இவனுக்குக் கிடைக்க வேண்டும்.

எழுந்தேன்.

"அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?"

திரும்பினான். "தெரியாதுங்க யக்கா."

"டிலானி. சொல்லு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. முழங்கால் தரையில் இடித்தது. "டிலானி," என்றான். யூட் என்று சொல்லவைத்தேன். அன்ரன் என்று சொல்லவைத்தேன். பாஸ்டர் ஓடி வந்தார்.

"சிஸ்டர், கர்த்தரே மன்னிச்சிட்டாரு. நீங்களும் விட்டுடுங்க."

"அவருக்குச் செய்ததை அவர் மன்னிக்கட்டும். என்ர பிள்ளையளுக்குச் செய்ததை மன்னிக்க முன்னம் என்னட்டக் கேட்டவரா?"

காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டது.

"நான் போலீசுக்குப் போயிடறேங்க யக்கா," என்று அவன் அழுதான். "இல்ல, நீங்களே என்ன எதுனா பண்ணுங்க."

அவன் தலையை உப்புத் தண்ணீரில் அழுத்திப் பிடிப்பதாக எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இப்போது அந்தத் தலை என் காலடியில்.

"நீ சாகக் கூடாது," என்றேன். "கிழமைக்குக் கிழமை இதிலயே நிண்டு சாட்சி சொல்லு. மூண்டு பேரின்ர பேரையும் சொல்லு. சுத்தமா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லாத."

சொல்கிறான். ஒவ்வொரு ஞாயிறும். ஒருமுறை பாதியில் உட்காரப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன். மறுபடி ஆரம்பித்தான். ஆள் பாதியாகிவிட்டான். மன்னிப்புக்கு இது முதல் படி என்கிறார் பாஸ்டர். இல்லை. இது தண்டனை. அவன் நடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு குளிர்கிறது.

பிறகு திருவிருந்து. எனக்கும் அப்பம் தருகிறார்கள். அவனுக்கும் தருகிறார்கள். ஒரே அப்பத்தில் பிட்டது. எனக்கும் கடவுளுக்கும் உள்ள வழக்கு அதுதான். இன்னும் முடியவில்லை.

வாசிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்ரன். என் கணவர். உடல் கிடைக்கவில்லை.

யூட். என் மகன். கிடைக்கவில்லை.

டிலானி. என் மகள். கரையில் புதைத்தேன். இடம் இப்போது அடையாளம் தெரியாது.

மூன்று பேர். கூடவே பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதாகச் சொல்கிற வரி. அது வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன்.